அந்த 13 சதவீதம் யார் பாக்கெட்டுக்குப் போச்சு?

ஜிஎஸ்டியை ஏற்றினால் அன்று ராத்திரியே விலை ஏறிவிடும், குறைத்தால் மட்டும் "பழைய ஸ்டாக் சார்" என்பார்கள். கடைக்காரர் பேராசை என்று திட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பாதிக் கோளாறு விலை போடும் முறையிலேயே இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தது, 13 சதவீதம் குறைவு. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டால் 4 ரூபாய் 45 காசு வருகிறது. மீதி 55 காசை எந்த அண்ணாச்சி எங்கிருந்து எடுத்துத் தருவார்? சில்லறை இல்லையென்று ஒரு மிட்டாயைக் கையில் வைப்பார், அவ்வளவுதான். அதனால் சில கம்பெனிகள் விலையைத் தொடாமல் எடையைக் கூட்டின. சரி, நல்லதுதான். ஆனால் முன்பு அந்தப் பாக்கெட்டில் எத்தனை கிராம் இருந்தது என்று நம்மில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கூட்டியதை நாலு மாசம் கழித்துச் சத்தமில்லாமல் குறைத்தாலும் கேட்க நாதியில்லை.

அதே நாளில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் மொத்தமாகப் போனது. பிரீமியம் தனி, ஜிஎஸ்டி தனி என்று ரசீதிலேயே இருப்பதால் எவ்வளவு குறைந்தது என்பது பளிச்சென்று தெரிந்தது. எம்ஆர்பியில்தான் எல்லாம் ஒன்றாகக் கரைந்து கிடக்கிறது.

ஹோட்டல் கதை இன்னும் சிக்கல். 2017 நவம்பரில் ஏசி ஹோட்டலுக்கு 18லிருந்து 5 ஆக்கினார்கள், கூடவே இன்புட் கிரெடிட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதாவது கடை வாடகைக்கும் பேக்கிங் சாமானுக்கும் முதலாளி கட்டிய வரியை இனி கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமை மெனு கார்டில்தானே ஏறும்? 100 ரூபாய் சாப்பாட்டுக்கு வரியோடு 118 ரூபாய் வந்த பில் 105 ஆகியிருக்க வேண்டும், அந்தச் சாப்பாட்டையே 110 ஆக்கினால் பில் 115.50. இதில் நியாயமான ஏற்றம் எவ்வளவு, சாக்கு வைத்து ஏற்றியது எவ்வளவு?

அதைப் பார்க்கத்தான் ஜிஎஸ்டி சட்டத்தில் 171ஆம் பிரிவு இருக்கிறது, வரி குறைந்த பலனை விலைக் குறைப்பாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் அதன் கீழ் புதுப் புகார் வாங்குவதை 2025 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு பெரிய வரிக் குறைப்பு வந்ததோ அதற்கு அடுத்த செப்டம்பரில்! கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் பண்ணுங்கள் என்றார்கள்.

அப்புறம் அரிசி. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் போட்டார்கள், உடனே 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. மில்காரர்களைக் குறை சொல்லமாட்டேன், வரி போட்டவர்கள் விட்ட ஓட்டை அது. ஆனால் மொத்தமாக மூட்டை எடுக்கக் கையில் காசு இருப்பவருக்கு வரி இல்லை, 5 கிலோ பை வாங்குகிறவருக்கு வரி உண்டு. இது என்ன கணக்கு?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே, இதில் வரி இவ்வளவு என்று ரூபாயில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ராப்பர் மாற்ற ஏகப்பட்ட செலவாகும் என்று கம்பெனிகள் அழும். "புதிய பேக்" என்று போட மட்டும் எப்போது பார்த்தாலும் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.