இன்டெலிஜென்ஸ் 3 வச்சு விளையாடுறவனும் மனுசன்தான்

வெள்ளிக்கிழமை கேம் லைவில நடந்ததை எல்லாரும் பாத்திருப்பியள், திரும்பச் சொல்லத் தேவையில்லை. கேமில என்ர ஆளின்ர பலம், புத்தி எல்லாம் எண்ணா இருக்கிற கரக்டர் ஷீட்டைத் திரையில பெருசாக்கி, "இன்டெலிஜென்ஸ் 3! ஆளைப் போலத்தான் கரக்டரும்" எண்டு அந்தத் தம்பி சிரிச்சதும், கீழ வரிசையா விழுந்த சிரிப்புப் பொம்மைகளும். ரெண்டு நாள் பேசாமல் இருந்தன். இருக்கேலாமல்தான் எழுதுறன்.

தம்பி, ஃபால்அவுட் 2 எண்ட கேமில இன்டெலிஜென்ஸ் எண்டா ஆளின்ர புத்தி, 1 தொடக்கம் 10 வரை நாங்களே போடுற எண். அந்த 3 தெரியாமல் வச்சதில்லை. 4 வச்சா ஆள் எல்லாரையும் போலக் கதைப்பான். 3க்கு இறங்கினா வசனமே வேற. வாயைத் திறந்தா உறுமல்தான் வரும். வேலை குடுக்க வேண்டியவன் முகத்தைப் பாத்திட்டுத் துரத்திவிடுவான். ஆனா அந்தக் கேமில கிளமத் எண்ட ஊரில டோர் எண்டு மாடு காக்கிற ஒருத்தன் இருக்கிறான். மற்ற ஆக்களோட அவன் கதைக்கிறது அரைகுறைச் சொல்லு. உங்கட ஆளும் அவனைப் போல எண்டால், ரெண்டு பேரும் பண்டிதர் மாதிரி இலக்கண சுத்தமாக் கதைப்பினம்! 1998ல வந்த கேம். புத்தி 10 வச்சு ஓடுற கெட்டிக்காரருக்கு அந்தக் கதை காதிலயே விழாது. குறைஞ்ச புத்தி அங்க தண்டனை இல்லை, அது ஒரு வேஷம்.

"பில்ட் பிழை", ஆளை அமைச்ச விதமே பிழை எண்டு வருவியள். ஒவ்வொரு லெவல் ஏறேக்கையும் 5, அதோட இன்டெலிஜென்ஸின் ரெண்டு மடங்கு ஸ்கில் புள்ளி, ஆளின்ர திறமைகளைக் கூட்டக் கிடைக்கும். எனக்கு 11, 10 வச்சவனுக்கு 25. கணக்கு எனக்கும் வரும். நீங்கள் தூக்கிப் பிடிக்கிற பால்டர்ஸ் கேட் 3 கேமில மட்டும் என்ன நடக்குது? புத்தியை அங்க ஆகக் குறைஞ்ச 8ல விட்டிட்டு, லம்ப் எண்ட ராட்சதனை அடிச்சுச் சாக்காட்டி, அவன்ர தலைப்பட்டியை எடுத்துக் கட்டினா புத்தி 17. அதுக்குப் பேர் மூளை. நான் 3 வச்சா மூளை இல்லை. நல்ல நியாயம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட மேசை விளையாட்டு 1974லயே புத்தி வேற, விவேகம் வேற எண்டு ரெண்டு எண்ணாப் பிரிச்சு வச்சது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதெண்டு எங்கட கிழவியள் அதுக்கு முதலே சொல்லியாச்சு.

இந்த உறுமல் வசனமெல்லாம் மூளை வளர்ச்சி குறைஞ்ச ஆக்களை நக்கலடிக்கிறது இல்லையா எண்டு ஒரு அக்கா இன்பொக்ஸில கேட்டவ. ஓம், சில இடம் எனக்கும் கூசுது. அதை இன்னொரு நாள் கதைப்பம்.

அப்பா சின்ன வயசில ஊரில விடிய விடிய நாடகம் பாத்தவர். ராசாவா நிக்க உயரம் இருந்தாக் காணும், பபூனா நிக்கத்தான் ஆள் வேணும் எண்டுவார். குறைஞ்ச புத்தி ஒரு வேஷம் எண்டு நான் சொல்லுறது இதைத்தான்.

ஃபால்அவுட் 2ல மென்டாட்ஸ் எண்டு ஒரு குளிசை இருக்கு. போட்டா புத்தி 2 கூடும். என்ர ஆள் 5 ஆகி, கொஞ்ச நேரம் ஒழுங்கா வாக்கியம் பேசுவான். குளிசை இறங்கினா முந்தி இருந்ததையும் விடக் கீழ போவான். முதல்தரம் அதைப் பாத்தப்ப எனக்குச் சிரிப்பு வரேல்ல. அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு முதல் ஆறு மாசம், அம்மா வெள்ளவத்தைச் சந்தையில வல்லாரைக் கட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் சம்பல் போட்டுத் தீத்தினவ. ஞாபகசக்திக்காம். கொப்பி மட்டையில பச்சைக் கறை இருந்தது. ரிசல்ட் வந்தப்ப வெட்டுப்புள்ளிக்கு 3 குறைவு. ஓம், அதே 3தான். காலி வீதி பஸ் ஹோல்ட்டில, அவ்வளவு சனத்துக்கு நடுவில மாமி கேட்டா, "மற்றப் பொடியன் பாஸாமே, உனக்கென்ன நடந்தது?" பத்து வயசு எனக்கு. அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சாவே தவிர, ஒண்டும் சொல்லேல்ல.

"விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு?" எண்டு கேக்கிறவைக்கு: விளையாட்டில அந்த 3ஐ நானே போட்டனான். மற்ற 3ஐ வேற ஆக்கள் போட்டவை. வெள்ளிக்கிழமை நீ சிரிச்சது எதுக்கெண்டு உனக்கே தெரியாது, தம்பி.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். வீடியோவில என்ர ஷீட் வாற இடத்தை மட்டும் வெட்டிவிடு. நான் கிளமத்துக்குப் போறன், டோர் தனிய மாடு காத்துக்கொண்டு நிக்கிறான்.