பியானோ மட்டுமா?

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரையோ, அதாவது மூவர் குழு, 1968 ஜூனில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஜாஸ் விழாவில் வாசித்த ஆல்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்கு நன்றி. எல்லாம் சரி, ஆனால் "பியானோதான் உயிர், மற்ற இருவரும் துணைக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

அந்த ஆல்பத்தில் வரும் 'எம்ப்ரேசபிள் யூ' பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். அதில் ராஜ்ஜியம் முழுக்க எடி கோமஸின் பாஸ்தான் (ஆள் உயரத்துக்கு நிற்கிற, கனத்த குரல் கொண்ட தந்தி வாத்தியம்). அப்போது அவருக்கு வயது 23! அடிக்கட்டையில் கிடக்கிற தடித்த தந்தியை விட்டு மேலே ஏறி, பாடுகிற குரல் மாதிரி இழுத்து வாசிக்கிறார். 'நார்டிஸ்' வரும்போது ஜாக் டிஜானெட்டின் டிரம்ஸ் தனியாகப் பேசுகிறது. இவர் அந்தக் குழுவில் இருந்ததே ஏறக்குறைய ஆறு மாதம்தான். எங்கள் மதுரையில் கச்சேரிக்குப் போனால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் காபி குடிக்க எழுந்துவிடும். மிருதங்கக்காரர் பாவம். உங்கள் கட்டுரையும் ஏறக்குறைய அப்படித்தான் எழுந்து போய்விட்டது.

அப்புறம், இதே மூவர் ஐந்து நாள் கழித்து ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஸ்டுடியோவில் வாசித்த பதிவு 2016இல்தான் வெளிவந்தது. அருமைதான், ஆனால் அடக்கி வாசிக்கிறார்கள். மோன்ட்ரூவில் எதிரே ஆட்கள் இருக்கிற சூடு தெரிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். கிராமி விருது கிடைத்ததும் மோன்ட்ரூ ஆல்பத்துக்குத்தான்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸ் பாதி காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும்.