கிருஷ்ணன்-பஞ்சு படங்களில் என் முதலிடம் பராசக்திக்கு இல்லை

பராசக்தி என்றால் கலைஞர் வசனம் என்பார்கள், சிவாஜியின் முதல் படம் என்பார்கள். ரத்தக்கண்ணீர் என்றால் எம்.ஆர்.ராதா. சர்வர் சுந்தரம் என்றால் நாகேஷ். மூன்றையும் இயக்கியது ஒரே ஜோடி, ஆர்.கிருஷ்ணனும் எஸ்.பஞ்சுவும் என்பது பழைய படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதனால் வசனகர்த்தாவையும் நடிகரையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இயக்கத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிறேன். சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம்.

முதலிடம் சர்வர் சுந்தரம் (1964). மூலம் கே.பாலசந்தரின் மேடை நாடகம், ஆனால் படத்தில் நாடக வாடை ரொம்பக் குறைவு. 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு எப்படி ஒலிப்பதிவாகிறது என்று எம்.எஸ்.வி.யையும் டி.எம்.எஸ்.ஸையும் இசைக்குழுவையும் நேரடியாகக் காட்டி, அங்கிருந்து நாகேஷின் ஆட்டத்துக்குத் தாவி, திரும்ப ஸ்டூடியோவுக்குள் வந்து என்று ஓடுகிற அந்தப் பாட்டு இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. பஞ்சு அடிப்படையில் எடிட்டர், டைட்டிலில் 'பஞ்சாபி' என்று வருபவர் அவர்தான், அந்தக் கண் இல்லாமல் இப்படி ஒரு பாட்டு வராது. அப்புறம் அந்த அம்மா. எஸ்.என்.லட்சுமி உயிருக்குப் போராடும்போது மகன் படப்பிடிப்பில் இருக்கிறான், செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே முகம் அழும்போது தியேட்டரே சிரித்துவிடும் ஆபத்து இருந்தது. யாருக்கும் சிரிப்பு வராது. இதையே இவர்கள் மெஹ்மூதை வைத்து 1971-ல் இந்தியில் எடுத்தார்கள், கதை அதேதான், ஆனால் நாகேஷின் அந்த ஒல்லி உடம்பும் ஏங்கும் கண்ணும் இல்லாமல் அது எனக்கு ஒட்டவே இல்லை.

இரண்டாவது ரத்தக்கண்ணீர் (1954). திருவாரூர் தங்கராசு எழுதி, ராதா மேடையில் போட்டுப் போட்டு ஊறிப்போன நாடகம். அப்படிப்பட்ட மனிதரைக் கேமரா முன்னால் நிறுத்திவிட்டு எங்கே குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்று தெரிவதும் இயக்கம்தான். குஷ்டம் பிடித்து, கண் போய், பிச்சைக்காரனாக அலையும் மோகனசுந்தரத்தின் (ராதாவின் பாத்திரம்) நக்கல் ஒரு இடத்தில்கூட இரக்கம் கேட்பதில்லை. ராதா இல்லாத காட்சிகளில் படம் தொய்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மறுமணம் செய்துவைக்கும் அந்த முடிவை 1954-ல் எடுத்த துணிச்சல் சாதாரணமானதில்லை.

மூன்றாவதுதான் பராசக்தி (1952). வரலாற்றில் அதன் இடத்தை நான் தொடவில்லை, நீதிமன்றக் காட்சி வசனம் எனக்கும் பாதி மனப்பாடம். ஆனால் படமாகப் பாருங்கள். நாயகனின் தங்கை கல்யாணி போகிற இடத்திலெல்லாம் ஒரே மாதிரியான ஆள், ஒரே மாதிரியான ஆபத்து. நடுவில் நீளம் தாங்கவில்லை. வசனம் வரும்போது படம் நின்று கேட்கிறது, வசனம் முடிந்ததும் மறுபடி நடக்கத் தொடங்குகிறது. அந்தக் கோயில் காட்சி மட்டும் விதிவிலக்கு, அதில் பேச்சும் காட்சியும் ஒன்றாகவே எரிகின்றன.

தகுதிக்கு மேல் கொண்டாடப்படுகிற படம் என்றால் நான் கை காட்டுவது உயர்ந்த மனிதன் (1968). சிவாஜியின் 125-வது படம், ஏவிஎம் தயாரிப்பு, 'நாளை இந்த வேளை பார்த்து' பாட்டுக்காக சுசீலாவுக்கு தேசிய விருது. சரி. 'அந்த நாள் ஞாபகம்' பாட்டில் சிவாஜியும் மேஜர் சுந்தரராஜனும் ஓடி மூச்சு வாங்குவது எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் காதலித்தவள் இருந்த வீட்டை அப்பாவே கொளுத்திவிட்ட பிறகும் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வாழ்க்கை முழுக்க அடங்கி இருக்கிற ஒருவனை எதற்காக 'உயர்ந்த மனிதன்' என்று நாம் நம்ப வேண்டும்? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவே பயப்படுகிறது. நடிகர் சமாளித்துவிடுவார் என்று இயக்குநர்கள் ஒதுங்கிக்கொண்டது போலத் தெரிகிறது. ராதாவிடம் பலித்தது இங்கே பலிக்கவில்லை. எனக்கு அதில் மனசில் நிற்பவர் அசோகன்தான்.

குழந்தையும் தெய்வமும் (1965) பாட்டுக்காகவும் குட்டி பத்மினிக்காகவும் பார்க்கலாம், அவ்வளவே. ஹாலிவுட் இரட்டைக் குழந்தைக் கதை நம் ஊருக்கு அழகாக வந்து சேர்ந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை.

யாரும் பேசாத அன்னை (1962) பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெற்றவள் சௌகார் ஜானகி, வளர்த்தவள் பானுமதி. இதில் யாரையாவது கெட்டவளாக்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயத்தை விட்டுவைத்து, பானுமதியின் பிடிவாதத்தை அன்பாகவும் பயமாகவும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். என் வரிசையில் இது நான்காவது, சில நாட்களில் பராசக்தியையும் தாண்டிவிடும்.

அண்ணா எழுதி என்.எஸ்.கே. நடித்த நல்லதம்பி (1949) இன்னொன்று. அதில் என்.எஸ்.கே. பாட்டும் கதையுமாகச் சொல்லும் கிந்தனார் காலட்சேபத்தை மட்டும் தனியாக வெட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், முழுப் படத்தையும் பாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் வரிசையைச் சொல்லுங்கள்.