பியானோவும் கன்றுக்குட்டியும் மட்டும்தானா?

அந்த மீமை இன்னும் எத்தனை பேர் பகிரப் போகிறீர்கள்? லிஸ்டோவல் – பாலிபனியன் ஒற்றைத் தண்டவாள ரயிலின் படம், மேலே "எஞ்சினியரிங் படிக்காதவன் கட்டினது", கீழே வரிசையாகச் சிரிப்பு.

படித்தவர்கள்தான் கட்டினார்கள் சார். அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 1888-ல் ஓட ஆரம்பித்து 1924 வரை ஓடியது. 36 வருஷம்.

சிரிக்கும் முன் அமைப்பைப் பாருங்கள். இடுப்புயரத்துக்கு 'ஏ' எழுத்து மாதிரி இரும்புக் கால்கள், உச்சியில் ஒரே தண்டவாளம். பாரம் முழுக்க அதன்மேல்தான். கால்களின் இரு பக்கமும் கீழே மெல்லிய தண்டவாளம் ஒவ்வொன்று. வண்டி ஆடாமல் பிடிக்க அதில் சிறு சக்கரங்கள் ஓடும். அல்ஜீரியாவில் ஒட்டகம் இருபுறமும் சுமை தொங்க நடந்ததைப் பார்த்து லார்டீக் என்ற பிரெஞ்சுக்காரருக்கு வந்த யோசனை என்பார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஹன்ஸ்லெட் ஆலை கட்டிய மூன்று எஞ்சின்களும் அப்படியே: பக்கத்துக்கொரு பாய்லர், ஓட்டுநர் ஒருபுறம், கரி போடுபவர் மறுபுறம். சுமார் 9 மைலுக்கு 30,000 பவுண்டுதான் செலவு.

"பேலன்ஸ் போனால்?" வந்துவிட்டார்கள். ஆமாம், சரக்கை இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். பாலிபனியனுக்குப் பியானோ அனுப்ப எதிர்ப்பக்கம் இரண்டு கன்றுக்குட்டி ஏற்றினார்களாம். திரும்பும்போது பக்கத்துக்கு ஒரு கன்று. நல்ல கதை. படகில் ஏறுகிறவர்களும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் உட்காருகிறார்கள், அதற்கு யாரும் மீம் போடுவதில்லை.

"நம்ம பஞ்சாப் பாட்டியாலாவிலும் இதுதானே ஓடியது?" இல்லை. அங்கே தண்டவாளம் தரையில், ஓரத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டது. அது வேறு முறை. ஒற்றைத் தண்டவாளம் என்றதுமே எல்லாம் ஒன்றாகிவிடுமா?

குறையே இல்லையா என்றால், இருந்தது. மீம்காரருக்குத் தெரியாத குறை. இடுப்புயர வேலி மாதிரி நிற்கும் பாதையை மாட்டுவண்டி எப்படித் தாண்டும்? வயல் பாதைகளில் தண்டவாளத்தின் ஒரு துண்டையே கதவு போலத் திருப்ப வேண்டும். பொதுச் சாலையில் தூக்குப்பாலம். பயணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் படிக்கட்டு வைத்த தனி வண்டி. கிளை பிரியும் இடத்தில், ரயிலைத் தடம் மாற்றிவிடும் சாதாரண பாயின்ட் உதவாது. வளைந்த தண்டவாளம் பொருத்திய திருப்புமேடை வேண்டும். எல்லாவற்றையும்விட, பக்கத்திலேயே லிமெரிக் – டிராலி அகலப்பாதை போயும் அதன் வேகன் ஒன்றுகூட இங்கே ஏறாது. லிஸ்டோவலில் ஒவ்வொரு மூட்டையும் கையால் மாற வேண்டும். லாபம் எங்கிருந்து வரும்?

ஆனாலும் 36 வருஷம்! பிரான்ஸில் ஃபர் – பனிசியேர் பாதையை இதே முறையில் கட்டினார்கள். ஒழுங்கான சேவைக்கு வரவே இல்லை. கெர்ரியில் ஓடியது. கடைசியில் உள்நாட்டுப் போர்ச் சேதம், வற்றிய வருமானம். நாட்டின் ரயில் கம்பெனிகளை ஒன்றாக இணைத்தபோது இதை யாரும் தொடவில்லை. இரும்பைப் பழைய விலைக்கு விற்றார்கள்.

"ரயில் பைத்தியம்" என்று எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள். 36 வருஷம் அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களை ஒரு வரியில் முட்டாளாக்கிவிட்டு, அடுத்த மீமுக்குப் போய்விடுவீர்கள். என்ன சொல்வது.

லிஸ்டோவலில் ஒரு குட்டி நீளம் மறுபடி கட்டி 2003-லிருந்து ஓட்டுகிறார்கள். பழைய எஞ்சின் மாதிரியே தோற்றம், உள்ளே டீசல். அதற்கும் ஒன்று போடுங்கள், இரண்டு பாய்லரும் பொய் என்று.