விளையாட்டுக்கல்லவோ செய்தேன்

அந்தக் காணொளியை மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு: நான் முதல் நாளே பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். யார், எந்த ஊர், எந்தக் கட்சி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரமாகப் போய்விடும். ஒரு பெண் கவுன்சிலர், "உங்கள் தெருவுக்குத் தண்ணீர் தர முடியாது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், நான் விடப்போவதில்லை" என்று பேசியதில், முதல் ஐந்து சொற்களை மட்டும் நறுக்கியெடுத்து ஊரெல்லாம் ஓடவிட்டார்கள். ஓடவிட்டவர்களில் முதலாமவரான அந்தத் தலைவர், முழுப் பேச்சும் வெளியே வந்தபின் மேடையேறி, "சும்மா விளையாட்டுக்குப் போட்டது, அதுவும் எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன், இதற்குப் போய் இவ்வளவு ரோஷமா" என்று சிரித்தார். பொது வாழ்க்கையில் இதெல்லாம் வாடிக்கையாகிவிட்டதால் அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் கைகூப்பி, "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்று வசனம் சொல்லி முடித்தாரே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

வசனம் என்று வந்துவிட்டபின் வசனத்தையே கேட்போம். வேதாகமத்தில் நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம், 18, 19ஆம் வசனங்கள்: "கொள்ளிகளையும் அம்புகளையும் சாவுக்கேதுவானவைகளையும் எறிகிற பைத்தியக்காரன் எப்படியிருக்கிறானோ, அப்படியே, தனக்கடுத்தவனை வஞ்சித்து: நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன் என்று சொல்லுகிற மனுஷன் இருக்கிறான்." நம் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்ன அதே சொல் அங்கே அச்சாகி இருக்கிறது. இந்தப் பகுதியில் உள்ள நீதிமொழிகளைப் பெயர்த்து எழுதியவர்கள் யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் மனுஷர் என்று 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது. எசேக்கியாவின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசி. ஆக, ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் அரண்மனையில் எழுத்து வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு நன்கு பழக்கமாகியிருந்திருக்கிறது. பொய் நாவை அந்த நூல் எத்தனையோ இடங்களில் கண்டிக்கிறது. இந்த ஓர் இடத்தில் அது பிடித்துக்கொள்வது, பொய் அகப்பட்டபின் வருகிற அந்தச் சமாதானத்தை. கொள்ளிக்கட்டையை எறிந்தவன் விளையாட்டாக எறிந்தான் என்பதற்காகக் கூரை விளையாட்டாகவா எரியும்?

இனி, "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்." இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் முதல் வரி, "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்பது. இட்டுக்கட்டாதே என்றுகூட இல்லை, ஏற்றுக்கொள்ளாதே என்று இருக்கிறது. எபிரெயம் கற்ற குருவானவர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன் எனக்கு விளக்கினார்: அங்கே உள்ள வினைச்சொல் 'நாசா', தூக்குதல், சுமத்தல், எடுத்துச் செல்லுதல் யாவும் அதற்குள் அடக்கம். பொய்யை வாங்கித் தோளில் ஏற்றிக்கொள்வதும் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதும் அந்த மொழியில் ஒரே செயல். இன்னொன்றையும் அவர் காட்டினார். "கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்ற கட்டளையிலும் அதே வினைதான் இருக்கிறது. அங்கே 'வீண்' என்பதற்கும் இங்கே 'அபாண்டம்' என்பதற்கும் மூலத்தில் இருப்பது 'ஷாவ்' என்ற ஒரே சொல். பொய்யைச் சுமந்து வந்து, அதன்மேல் வசனத்தையும் போர்த்துகிறவர் ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகளை மிதிக்கிறார் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும், மேடைக்கு மேடை வசனம் சொல்கிறவருக்கு எண்ணத் தெரியாமலா இருக்கும்.

என் அப்பா உபதேசியாராக, அதாவது சபையில் வேதம் போதிக்கிற ஊழியராக, இருந்தவர். சாயங்கால வேளையில் யாராவது மூச்சிரைக்க ஒரு சேதியோடு எங்கள் திண்ணைக்கு வந்தால், அவர் முதலில் கேட்பது, "நீ கண்டியா, கேட்டியா?" என்பதுதான். "கேட்டேன் உபதேசியாரே" என்று பதில் வந்தால், "அப்போ அத இங்கேயே வச்சிட்டுப் போ" என்பார். எனக்கு அப்போது ஆறேழு வயது. வந்தவர் எழுந்து போனபின் அவர் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று திண்ணையைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற ஒன்பதாம் கட்டளையை (கத்தோலிக்க நண்பர்களின் வரிசையில் எட்டாவது, அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்) நாம் ஞாயிறுப் பள்ளியில் 'பொய் சொல்லாதே பாப்பா' என்ற அளவுக்குச் சுருக்கிக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அது பிறந்த இடம் ஊர்வாசலில் கூடுகிற வழக்கு மன்றம். கைரேகையோ கேமராவோ இல்லாத காலத்தில் சாட்சிக்காரனின் வாய்தான் ஒருவனுடைய உயிரையும் நிலத்தையும் தீர்மானித்தது. அதனால்தான் ஒரே சாட்சியை நம்பி யாரையும் கொல்லக்கூடாது என்றும், சாட்சி சொன்னவர்களின் கைதான் முதல் கல்லை எறிய வேண்டும் என்றும், சாட்சி பொய் என்று தெரிந்தால் அவன் பிறனுக்குச் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்ய வேண்டும் என்றும் உபாகமம் விதிக்கிறது.

இத்தனை காவல் இருந்தும் நாபோத்தைக் கொன்றார்கள். ஆகாப் ராஜாவுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்கொல்லை தேவைப்பட்டது, நாபோத் தன் பிதாக்களின் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்தான், அவ்வளவுதான் கதை. ராணி யேசபேல் ராஜாவின் பெயரால் கடிதம் எழுதி முத்திரை போட்டு அனுப்பினாள். முதலில் உபவாசம் கூறச்செய்து, பிறகு இரண்டு பொய்ச்சாட்சிகளை எதிரே உட்கார வைக்கச் சொன்னாள். பக்தியைப் பந்தலாகப் போட்டுவிட்டு அதன் கீழே கொலை. என்னை எப்போதும் உறுத்துவது யேசபேலைவிட அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்ட மூப்பர்கள். அவர்கள் நாபோத்தோடு அதே பட்டணத்தில் குடியிருந்தவர்கள் என்று வேதம் குறித்தே சொல்கிறது. அவனைத் தெரியும், அவன் தகப்பனைத் தெரியும். ஒருவராவது "நீ கண்டியா, கேட்டியா?" என்று கேட்கவில்லை. அவர்களுக்கு வந்தது, அவர்கள் செய்தார்கள்.

பழங்கதை என்பவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போன 65 வயது அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள்மேல் வழக்கு வந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று அதற்கு முன் வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? எல்லோரும் வந்ததைத்தான் அனுப்பினார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு என்று இன்னும் இறுக்கியது. லாபத்துக்காக நடக்கிற ஒரு கம்பெனிக்கு உறைத்தது, சமாதானம்பண்ணுகிறவருக்கு உறைக்கவில்லை.

இனி கீழே என்னென்ன எழுதப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"வேதத்தை அரசியலில் கலக்காதீர்கள்." கலந்தவர் மேடையில் இருக்கிறார், அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

"கருத்துச் சுதந்திரம்." வெட்டி ஒட்டியது அவருடைய கருத்து அல்ல, அந்தப் பெண்ணுடைய பேச்சு.

"ராகாப் பொய் சொன்னாளே, எபிரெய மருத்துவச்சிகள் பொய் சொன்னார்களே." இந்தக் கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்வேன், ஏனென்றால் இது நேர்மையான கேள்வி. மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் பார்வோனிடம், எபிரெயப் பெண்கள் நல்ல பலசாலிகள், மருத்துவச்சி போய்ச் சேரும் முன்பே பிரசவித்துவிடுகிறார்கள் என்று துணிந்து சொன்னார்கள்; எரிகோவின் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரர்களை மாடியில் சணல் தட்டைகளுக்குள் மறைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்றாள். இவர்கள் சொன்னது பொய்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் யாரிடம் சொன்னார்கள் என்று பாருங்கள்: பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவிடமும், ஆளைத் தேடி வந்த ராஜாவின் சேவகர்களிடமும். அகப்பட்டிருந்தால் அவர்களுடைய தலை போயிருக்கும். "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று குறளைத் தூக்கிக்கொண்டு வருகிற தமிழாசிரிய நண்பர்களும் (நானும் 31 வருஷம் அந்தப் பிழைப்புத்தான் பிழைத்தேன்) அதன் தொடர்ச்சியான "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதிகாரம் உள்ளவன், அதிகாரம் குறைந்த ஒரு பெண்ணைப் பற்றி, பின்னால் கைதட்ட ஆள் வைத்துக்கொண்டு சொன்ன பொய்யில் யாருக்கு என்ன நன்மை பயந்தது? அந்தத் தெருவுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை.

"நீங்கள் பொய்யே சொன்னதில்லையா?" சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின இரவு உட்கார்ந்து மூன்று வாரத்துப் பாடக்குறிப்பை எழுதி முன்தேதி போட்டிருக்கிறேன். அகப்பட்டபோது சிரிக்கவில்லை.

"திருமண்டலத் தேர்தலில் வராத மொட்டைக் கடிதமா?" ஆமாம், எங்கள் திருச்சபை நிர்வாகத் தேர்தலிலும் வருகிறது. அதைப் பற்றி நான் எழுதியதால் எங்கள் சேகரத்துச் சபைகளில் இன்றுவரை என் முகம் பார்த்துப் பேசாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் இருவர் இந்தப் பதிவுக்கு முதல் ஆளாக விருப்பம் போடுவார்கள். அதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

பலர் சொல்வது, "அவர்தான் பதிவை நீக்கிவிட்டாரே, வருத்தமும் தெரிவித்துவிட்டாரே, விட்டுவிடுங்கள்" என்பது. யார் மனமாவது புண்பட்டிருந்தால் என்ற அந்த 'இருந்தால்' வருத்தத்தைத்தானே சொல்கிறீர்கள்? சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தைத் திறந்து 16ஆம் அதிகாரத்தையும் 19ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடுகிறார். சீபா என்ற வேலைக்காரன் இரண்டு கழுதைகளில் இருநூறு அப்பங்களும் நூறு திராட்சக்குலைகளும் துருத்தி நிறைய ரசமும் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து, தன் எஜமானாகிய மேவிபோசேத், இரண்டு காலும் முடமான யோனத்தானின் மகன், ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டான் என்று சொல்கிறான். தாவீது விசாரிக்கவில்லை, நின்ற இடத்திலேயே மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் சீபாவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். திரும்பி வரும்போது மேவிபோசேத் எதிரே வருகிறான். ராஜா போன நாள் முதல் காலைப் பேணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, உடுப்பை வெளுக்கவில்லை. சீபா சொன்னதும் உண்மையாக இருக்கலாமே என்று வாதாடுகிற வியாக்கியானக்காரர்கள் உண்டு. எனக்கு அந்தத் தாடியும் அழுக்குத் துணியும் போதும். அப்போது தாவீது என்ன தீர்ப்புச் சொன்னார்? இதைப் பற்றி இன்னும் என்ன பேச்சு, நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றார். பொய் சொன்னவனுக்குப் பாதி, பொய்யால் அடிபட்டவனுக்குப் பாதி. நாம் எல்லோரும் அன்றுமுதல் அந்தத் தீர்ப்பைத்தான் நடுநிலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அந்தப் பாதி நிலத்தின் அளவு தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பேரோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எங்கள் சபைக் கோயில் மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் என்பதால், நிவாரணத்துக்கு வந்த 14 மூட்டை அரிசியை, 25 கிலோ மூட்டை, மேட்டில் இருந்த எங்கள் வீட்டு வராந்தாவில் என் தம்பி அடுக்கினான். மறுநாள் காலையில் அந்த மூட்டைகளின் படம், "நிவாரண அரிசி உபதேசியார் வீட்டில் பதுக்கல்" என்ற வரியோடு எங்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் இருந்தது. மத்தியானத்துக்குள் மும்பையிலிருந்து சித்தி போன் பண்ணிவிட்டாள். அரிசி வாங்க வரிசையில் நின்ற பெண்கள், என்னிடம் சிரித்துக்கொண்டே, என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார்கள். படம் போட்டவர் இரண்டு நாள் கழித்து அதை நீக்கினார். கேட்டதற்கு, "தமாசுக்குப் போட்டது தம்பி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வேளையில், இரு தரப்பாரும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று பீடத்திலிருந்து சொல்லப்பட்டது. இரு தரப்பார் என்று கேட்டபோது என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அதன்பின் அவன் எந்தப் பொறுப்புக்கும் பெயர் கொடுக்கவில்லை.

அரிசி கொடுத்த கணக்கை ஒரு 40 பக்க நோட்டில் அவன் எழுதி வைத்திருந்தான். 137 கையெழுத்து, அவற்றில் சில பெருவிரல் ரேகை. வீட்டுக்கு இரண்டரை கிலோ. மிச்சம் ஏழரை கிலோ நிவாரண முகாமிலேயே கஞ்சியானது, அதுவும் எழுதியிருக்கிறது. மழையில் நனைந்து ஊதா மை பரவிப்போன அந்த நோட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் பீரோவில் இருக்கிறது. இந்தக் காணொளி வந்த அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் அவன் அதை வெளியே எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினான். உள்ளே வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா, யாராவது கேட்டா காட்டணும்" என்றான். இதுவரை யாரும் கேட்டதில்லை.