எஞ்சினை மாற்றுங்கள், முதலில் எடையைப் பாருங்கள்

பழைய சிறிய பின்சக்கர இயக்கக் கார்களில் வேறு எஞ்சின் பொருத்துவதே பாவம் என்பவர்கள் ஒரு பக்கம். கிடைப்பதிலேயே பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டுக் குதிரைத்திறனை மட்டும் பறைசாற்றுபவர்கள் மறுபக்கம். இரு தரப்போடும் எனக்கு ஒத்துவராது. எஞ்சின் மாற்றத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் எந்த எஞ்சின் என்பதை எடைதான் முடிவு செய்ய வேண்டும். குதிரைத்திறனைப் பிறகு பேசலாம்.

இதற்கு பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான எம்ஜியின் வரலாறே சாட்சி. 1962-இல் வந்த எம்ஜிபி காரில் இருந்தது வார்ப்பிரும்பில் செய்த 1,798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். 1967-இல் ஏறக்குறைய அதே பாடிக்குள் 2,912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து எம்ஜிசி என்று விற்றார்கள். திறன் 145 குதிரைகள். கூடவே சுமார் 95 கிலோ அதிக எடை, அதுவும் முன்சக்கரங்களின் தலையில். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கிறது என்று அன்றைய விமர்சகர்கள் கடிந்துகொண்டார்கள். 1969-இல் அதன் கதை முடிந்தது. 1973-இல் எம்ஜிபி ஜிடி பாடிக்குள் ரோவரின் 3,528 சிசி வி8, அதாவது V வடிவில் அமைந்த எட்டு சிலிண்டர் எஞ்சின், வந்தது. கொள்ளளவு கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் அலுமினியத்தில் வார்த்தது என்பதால் எடை பழைய நான்கு சிலிண்டரை ஒட்டியே நின்றது. திறன் 137 குதிரைகள்தான், எம்ஜிசியைவிடக் குறைவு. எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். தொழிற்சாலை விழித்துக்கொள்வதற்கு முன்பே கென் காஸ்டெல்லோ என்ற தனி மனிதர் தம் பட்டறையில் இதே எஞ்சினை எம்ஜிபியில் பொருத்தி விற்றுக்கொண்டிருந்தார் என்பது இன்னும் மகிழ்ச்சி.

அடுத்து, எடை பொருந்தினாலும் வடிவம் பொருந்த வேண்டும். 1980களின் சிறிய பின்சக்கர இயக்கக் காரான டொயோட்டா ஏஇ86-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1,587 சிசி எஞ்சினுக்குப் பதிலாக அதே குடும்பத்தின் 20 வால்வு எஞ்சினை வைப்பது அருமையான யோசனை, எடை பெரிதாக மாறாது. ஆனால் அது முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக உட்கார்ந்திருந்த எஞ்சின். நீளவாக்கில் திருப்பினால் பின்னாலிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் போய் இடிக்கும். சிலர் அந்தச் சுவரைச் சுத்தியலால் அடித்துக் குழி செய்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றிவிட்டு, கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் சென்சாரும் பிளக்குகளுக்குத் தனித்தனிக் காயில்களும் வைத்தால் சுவரைத் தொடவே வேண்டாமே!

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. முன்புறக் குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் ரேக்கும் இருக்கும் இடத்தில் புதிய எஞ்சினின் சம்ப் ஆழமாக இருந்தால் எஞ்சின் இறங்காது. உடனே சம்ப்பை வெட்டி வேறு வடிவத்தில் வெல்டு செய்கிறார்கள். அதோடு ஆயிலை உறிஞ்சும் குழாயையும் நகர்த்தி, அதன் வாய் சம்ப்பின் அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டும் விலகி நிற்கும்படி அமைக்க வேண்டும். உள்ளே தடுப்புத் தகடுகளும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நீண்ட வளைவில் ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும், குழாய் காற்றை உறிஞ்சும், கிராங்க் பேரிங்குகள் சில நொடிகளில் தீய்ந்துவிடும். கார் நின்ற நிலையில் கேஜைப் பார்த்து ஆயில் அழுத்தம் சரி என்று நம்புவது வீண்.

அடுத்து பெட்ரோல். கார்புரேட்டருக்கு அது கால் பார் அழுத்தத்தில் வந்தால் போதும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). இன்ஜெக்‌ஷனுக்குச் சுமார் மூன்று பார் வேண்டும், ஆகவே பழைய பெட்ரோல் ஹோஸ்களை அப்படியே விடாதீர்கள். பின் ஆக்சிலும் கிளட்சும் புதிய முறுக்குவிசையைத் தாங்குமா என்று பாருங்கள். பிரேக்கை எஞ்சினுக்கு முன்பே மாற்றுங்கள். பணம் தீர்ந்துபோனாலும் நல்ல பிரேக் உள்ள கார் மிஞ்சும்.

பாவம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 1968-இல் ஃபோர்டு நிறுவனமே தன் எஸ்கார்ட் காரில் லோட்டஸின் 1,558 சிசி எஞ்சினை வைத்து விற்றதே, அதை என்ன செய்வீர்கள்? பிறந்த எஞ்சினோடு கெடாமல் இருக்கும் காரை நானும் தொட மாட்டேன். எஞ்சின் போய் வெறும் கூடாகக் கிடப்பவைதான் என் கணக்கில் வருபவை. அவற்றிலும் பாடியை வெட்டாமல், போல்ட்டில் கழற்றக்கூடிய மவுண்ட்டுகளைச் செய்யுங்கள். அடுத்து வாங்குபவர் பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்துப் பொருத்த விரும்பினால், வழி திறந்திருக்கட்டும்.