சைலன்சரை வெட்டினால் வண்டி இழுக்குமாம்!

இந்த நீலகிரி மலையில் லாரி வைத்திருப்பவன் "வண்டி கொஞ்சம் இழுக்கவில்லை" என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. டீக்கடைக்காரரிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் பையன் வரை எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். சைலன்சரை வெட்டு, நேர்க்குழாய் போடு, அப்புறம் பார் வண்டியை! கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேச்சோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது என்னைக் கேட்காமலே என் வண்டியில் கைவைத்துவிட்டார்கள்.

கேத்தி பக்கத்திலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு அடிக்கும் வண்டி அது. எஞ்சின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், இணைப்பை அடைக்கும் கேஸ்கட் போய்ப் புகை கேபினுக்குள் வந்தது. கேஸ்கட்டை மட்டும் மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால் வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் காதில் விழுகிறது. மெக்கானிக் தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணா, சைலன்சரைத் தூக்கிவிட்டேன். குழாயில் ஒரு தகடு அடைத்துக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். இனி மலை ஏறும்போது பாருங்கள்."

எந்தத் தகடு என்று கேட்டேன். ஓரத்தில் கிடந்த பழைய இரும்புக் குவியலைக் கை காட்டினார். கனமான இரும்பு வளையம், நடுவில் வட்டத் தகடு, பக்கவாட்டில் அதைத் திருப்பும் சின்ன நெம்புகோல், எல்லாவற்றின் மேலும் கரி. அது என் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக்! எனக்குத் தலை சுற்றியது. "தம்பி, இது அடைப்பு இல்லை, பிரேக்" என்றால், "பிரேக் சக்கரத்தில்தானே அண்ணா இருக்கும்?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சுவிட்சைப் போட்டால் இந்தத் தகடு புகைக்குழாயை மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன்கள் முட்டும், எஞ்சின் தானாக வேகம் இழக்கும், அந்தப் பிடி கியர் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகும். சக்கரத்தின் டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் லைனருக்கு வேலை வெகுவாகக் குறையும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இந்த 1,500 மீட்டர் உயரத்தையும் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் லோடோடு இறங்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள். கால் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, லைனர் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. வழியில் பர்லியார் பக்கம் சக்கரத்திலிருந்து புகை வர ஓரங்கட்டி நிற்கும் லாரிகளைப் பார்க்காதவர் இந்தச் சாலையில் உண்டா? கருகிய லைனர் வாடை அடித்தால் கண்ணை மூடிக்கொண்டே ஊரைச் சொல்லிவிடலாம். (சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும் புத்திசாலிகள் வேறு இருக்கிறார்கள். டிரம் வெடிப்பு விட்டால்தான் அவர்களுக்குப் புரியும்.)

ஏறும்போது இழுக்க வேண்டும் என்று இறங்கும்போது பிடிப்பதைக் கழற்றி எறிகிறார்களே, இவர்கள் வண்டியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டாமா?

சரி, ஏறும்போதாவது இழுக்கிறதா? அதுவும் இல்லை. கொஞ்சம் நியாயமாகவே பேசுகிறேன். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) உள்ள எஞ்சினில் பின்னால் தடை குறைந்தால் டர்போ சற்று எளிதாகச் சுழலும், அது உண்மைதான். ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. நாம் மலை ஏறுவது இரண்டாம் கியரில், குறைந்த சுற்றில், முக்கி முக்கி. அங்கே வெளியேறும் புகையே கொஞ்சம். ஒழுங்கான சைலன்சர் அதை எங்கே தடுக்கப் போகிறது? உள்ளே போகும் டீசலின் அளவு மாறாதபோது சக்தி மட்டும் எங்கிருந்து வரும்? மாறுவது சத்தம் ஒன்றுதான். சத்தம் கூடியதும் ஓட்டுபவனுக்கு வண்டி பறப்பதுபோல் ஒரு மயக்கம். பழைய கியரில், பழைய வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருப்பான், காது மட்டும் போயிருக்கும்.

இந்த உயரத்தில் வண்டி ஏன் திணறுகிறது என்று ஒருவராவது யோசிக்கிறார்களா? ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். எஞ்சின் ஒரு மூச்சுக்கு இழுக்கும் காற்றே குறைவு. டர்போ அதை ஓரளவுக்கு ஈடுகட்டும், அதற்கும் எல்லை உண்டு. ஆக, கோளாறு பெரும்பாலும் காற்று உள்ளே போகும் பக்கம். இவர்கள் வெட்டுவது வெளியே போகும் பக்கம்!

என் சித்தப்பா மகன் வண்டியிலும் இதே கதைதான் நடந்தது. இழுவை இல்லை என்று சைலன்சரை எடுத்தார்கள், சரியாகவில்லை. எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் அளவை ஏற்றிவிட்டார்கள், கரும்புகை கக்கியதுதான் மிச்சம். கரும்புகை என்றால் எரியாத டீசல், அதாவது நம் காசு. அதோடு புகையின் சூடு ஏறி டர்போவின் ஆயுளும் குறைகிறது. கடைசியில் நான் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டர்போ அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளிப்புக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்க் கசிவில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. எஞ்சினை முடுக்கச் சொன்னால் அந்த இடத்தில் 'உஸ்' என்று சீறுகிறது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழாயை மாற்றினோம், வண்டி ஏறியது. ஏர் ஃபில்டர், இந்தக் குழாய்கள், இன்ஜெக்டர், கிளட்ச், சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்பது, இவற்றைப் பார்க்காமல் கட்டிங் மெஷினைக் கையில் எடுப்பவரை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புது வண்டிகளின் கதை இன்னும் மோசம். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 (புகை மாசுக்கான புது விதி) டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி புகைக்குழாயிலேயே இருக்கிறது. சேரும் கரியை அது தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். எஸ்டேட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு குட்டி நடை அடிக்கும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கே ஏறும்? டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், கொஞ்ச நாளில் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிக் கரியை எரிக்க வைக்கலாம். விளக்கு எரியத் தொடங்கியதுமே லோடோடு ஒரு நீண்ட ஏற்றம் போய்வந்தாலும் பல நேரம் சரியாகிவிடும். நம் ஆட்கள் வடிகட்டியைக் குடைந்து வெறும் கூடாக்கி, கம்ப்யூட்டருக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். வாரன்டி அதோடு போயிற்று.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டுவது யார்? உரிமையாளர். வெட்டிய பட்டறைக்காரர் அல்ல, ஐடியா கொடுத்த டீக்கடைக்காரரும் அல்ல. எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் நாளில் மட்டும் நல்ல சைலன்சரை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குச் செலவழிக்கும் காசில் ஏர் ஃபில்டர் வாங்கலாமே ஐயா!

கேரட் லோடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கிளம்பும். பள்ளத்தாக்கில் ஒரு வண்டி முடுக்கினால் எதிர்மலை ஹட்டி (படுகர் ஊர்) வரை கேட்கும். தூங்கும் குழந்தையையும் நோயாளியையும் எழுப்பிவிட்டுத்தான் கேரட் மண்டிக்குப் போக வேண்டுமா? பலாப்பழக் காலத்தில் பர்லியார் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். குட்டியோடு நிற்கும் யானைக்கு முன்னால் இந்த உறுமலோடு போய் நிற்கத் துணிச்சல் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும், நான் வரவில்லை.

என் வண்டிக்கு வருகிறேன். அந்தத் தகடும் வளையமும் திரும்ப அதே இடத்தில் ஏறும் வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டு, தகடு மூடித் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அப்புறம் பில் வந்தது. கேஸ்கட் மாற்றியதற்குக் கூலி, சரி. சைலன்சர் கழற்றியதற்குக் கூலி. சைலன்சர் மாட்டியதற்குக் கூலி. அதற்குக் கீழே, நேர்க்குழாய்க்குத் தனி விலை! குழாய் என் வண்டியில் இல்லையே என்றால், "உங்கள் வண்டி அளவுக்கு வெட்டியது அண்ணா, வேறு வண்டிக்கு ஆகாது" என்கிறார். கேஸ்கட் கூலியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மீதிக்கு இன்னமும் போன் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பைசா தர மாட்டேன்.